குரைத்தால் போதும்

காவலுக்கு நாய் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: "யார் வந்தாலும் உள்ளே விடக்கூடாது, அந்த மாதிரி நாய் எங்கே கிடைக்கும்?" இந்தக் கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. உங்கள் வீட்டு கேட்டுக்கு ஒரு நாளில் யாரெல்லாம் வருகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பால்காரர், பேப்பர் போடும் பையன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, தண்ணீர் கேன், கூரியர், கீரைக்காரம்மா, பந்து விழுந்துவிட்டது என்று வரும் எதிர்வீட்டுப் பிள்ளை. எட்டுப் பேர் என்று வைத்தாலும் வருடத்துக்கு 2,900 தடவைக்கு மேல் ஆகிறது. நாய் பத்து வருடம் இருந்தால் 29,000 தடவை. அதில் ஒரு தடவை வருகிறவன் திருடனாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மீதி அத்தனை தடவையும் அந்த நாய் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்த்துத்தான் நாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திருடன் நாயோடு மல்லுக்கட்ட வருவதில்லை. அவனுக்கு வேண்டியது சத்தமில்லாத பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைக் கெடுப்பதுதான் வீட்டு நாயின் வேலை. வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் குரைக்க வேண்டும். நீங்கள் எழுந்து வந்து பார்த்து "போதும்" என்றதும் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். கடிக்கிற நாய்தான் காவல் நாய் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வீட்டு நாய் கடிப்பது விபத்து. கடி வாங்குவதும் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை, விருந்துக்கு வந்த மருமகன், கேஸ் சிலிண்டர் தூக்கி வந்தவர் என்று திருட்டுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்தான்.

வாங்கும் முன்பே போட வேண்டிய இன்னொரு கணக்கும் உண்டு. திருடனுக்குப் பிடித்தது பூட்டிய வீடு. ஆனால் நீங்கள் மூன்று நாள் கல்யாணத்துக்குப் போகும்போது நாயைத் தனியே விட்டுப் போக முடியாது. குண்டான் நிறையச் சோறும் வாளித் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனால், அன்று சாயங்காலமே சோறு புளித்து எறும்பு மொய்த்திருக்கும். நாய் வாளியைக் கவிழ்த்திருக்கும். ஊருக்குப் போகும்போது காவலுக்கு இருக்கட்டும் என்று நாய் வாங்கினால், நாய்க்குக் காவலாக ஓர் ஆளை வைக்க வேண்டிவரும். ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான் நாய் காவல். ஆள் இல்லாத வீட்டுக்குப் பூட்டு, கிரில், விளக்கு, நல்ல பக்கத்து வீட்டுக்காரர்.

எந்த நாய்?

பலர் கடைசியாக நினைக்கிற நாட்டு நாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெயில் தாங்கும். குட்டை முடி, சீக்கிரம் காயும், உண்ணி தெரியும். உடல்வாகு 15 முதல் 20 கிலோவுக்குள் இருப்பதால் பெண்களும் பெரியவர்களும் கயிற்றில் பிடித்து நடத்த முடியும். அந்நியச் சத்தத்துக்குக் காது விறைப்பதில் எந்த விலை உயர்ந்த நாய்க்கும் இது சளைத்ததல்ல. சென்னை வேளச்சேரி சாலையில் இருக்கும் புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் குட்டிகள் தத்தெடுக்கக் கிடைக்கின்றன. அந்த அமைப்பு 1959 முதல் இயங்குகிறது. கௌரவம் குறைவு என்பதைத் தவிர நாட்டு நாயை மறுக்க நியாயமான காரணம் எதுவும் காணோம்.

தமிழ்நாட்டுக்கே உரிய இனங்களில் ராஜபாளையம் பெயர் பெற்றது. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நான்கு உள்நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று இது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள அமைப்பு ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, உயரம் 65 முதல் 75 செ.மீ. காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன நாய். தன் ஆள் ஒருவர் இருவரோடு ஒட்டிக்கொண்டு மற்றவர்களை எட்டவே நிறுத்தும். அதனால் வாடகைக்குக் குடியிருப்பவர்கள், அடிக்கடி ஆள் மாறும் கூட்டுக் குடும்பம், பேயிங் கெஸ்ட் வைத்திருக்கும் வீடு, இங்கெல்லாம் இது ஒத்துவராது. தோட்டம் துரவோடு தனி வீடு, நாயோடு தினமும் ஒரு மணி நேரம் செலவிடும் ஓர் ஆள், இரண்டும் இருந்தால் யோசிக்கலாம்.

சிப்பிப்பாறையும் கன்னி என்ற இனமும் முயலை விரட்டிப் பிடிக்கப் பிறந்த ஓட்டக்காரர்கள். குரைத்துச் சொல்லும், ஆனால் ஓட இடம் வேண்டும். ஐந்தடிச் சுவர் அவற்றுக்குச் சுவரே இல்லை. விலா எலும்பு இரண்டு மூன்று தெரிவது இவற்றுக்கு இயல்பு. அதைப் பார்த்துப் பட்டினி என்று நினைத்துச் சோற்றைத் திணித்தால் மூட்டுதான் கெடும். உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் அறுவைக்குப் போகும்போது மருத்துவரிடம் இனத்தைச் சொல்லிவிடுங்கள். தயோபென்டோன் போன்ற மயக்க மருந்துகள் கிரேஹவுண்ட் போன்ற ஒல்லியான ஓட்ட நாய்களுக்கு எளிதில் தெளியாது. தேனி மாவட்டத்துக் கோம்பை இவற்றைவிட முரடு. பழுப்பு உடம்பு, கருத்த முகம், அகலத் தாடை. காவலுக்கு அருமையான நாய்தான், முதல்முறையாக நாய் வளர்க்கிறவர் கைக்கு வேண்டாம்.

வெளிநாட்டு நாய்களில் லேப்ரடார் குரைக்கும், உருவத்தாலும் மிரட்டும், திருடனோடு விளையாடப் போனாலும் போகும். குரைத்து எழுப்பிவிட்டால் அதன் வேலை முடிந்தது. ஜெர்மன் ஷெப்பர்டு புத்திசாலி. ஆனால் அடர்ந்த இரட்டை ரோமத்தோடு மே மாதத்து வேலூரில் மதியம் வெளியே கட்டிப்போட்டால் அது காவலா, சித்திரவதையா? வாங்கும்போது தாய் தந்தையின் இடுப்பு மூட்டைப் பற்றிக் கேளுங்கள். ராட்வைலரைச் சரியாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 45 கிலோ நாய் செய்யும் ஒரு தவறும் 18 கிலோ நாய் செய்யும் ஒரு தவறும் ஒன்றல்ல. சைபீரியன் ஹஸ்கியைக் காவலுக்கு வாங்குவது, பனிச்சறுக்குப் பலகையை வயலில் ஓட்ட வாங்குவது மாதிரி.

குட்டியைப் பார்க்கும்போது

நகத்தை எண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருபது நகம் இருந்தால் வீரம், நாக்கில் கறுப்புப் புள்ளி இருந்தால் வெறி என்றெல்லாம் பேச்சு. நாய்க்கு முன்னங்கால்களில் பக்கத்துக்கு ஐந்து, பின்னங்கால்களில் பக்கத்துக்கு நான்கு, மொத்தம் பதினெட்டு நகம். சிலவற்றுக்குப் பின்னங்காலிலும் கட்டைவிரல் போல ஒரு நகம் கூடுதலாகத் தொங்கும். சதையில் மட்டும் ஒட்டியிருந்தால் எங்காவது மாட்டிக் கிழியும். அதற்கு மேல் அதில் சேதி எதுவும் இல்லை. எண்ணுகிற நேரத்தில் தாய் நாயைப் பாருங்கள். தாய் அந்நியரைக் கண்டு குரைத்துவிட்டு, வீட்டுக்காரர் சொன்னதும் அடங்குகிறதா? அதன் குட்டியை வாங்கலாம். மூலைக்குள் பதுங்கிப் பல்லைக் காட்டுகிறதா? குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பயந்த நாய்தான் கடிக்கும். அந்தப் பயத்தில் ஒரு பகுதி ரத்தத்திலேயே வருகிறது. தாயைக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

குட்டிக்கு எட்டு வாரம் ஆகாமல் விற்கக்கூடாது என்பது 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளில் இருக்கிறது. பெண் நாய்க்கு 18 மாதம் ஆன பிறகே இனச்சேர்க்கை, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது என்பதும் அதிலேயே உண்டு. நடைமுறையில் முப்பதாவது நாளே அட்டைப்பெட்டியில் போட்டுத் தருகிறார்கள். தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்கும் அந்தக் கடைசி மூன்று நான்கு வாரத்தில்தான், கடித்தால் எவ்வளவு வலிக்கும் என்று குட்டி கற்கிறது. தான் கடித்த தம்பி வீல் என்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடுகிறான், அதுதான் பாடம். முப்பது நாளில் பிரிந்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் பிள்ளையின் கையில் படிக்கும்.

ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய் என்றால் காதைச் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள். தோலுக்கு நிறம் தருகிற உயிரணுக்களே உள்காதிலும் வேலை செய்கின்றன. அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களில் காது கேட்காமல் போகும். விற்பவருக்கே இது தெரியாமல் இருக்கலாம். காரணம், செவிட்டுக் குட்டி உடன்பிறப்புகளைப் பார்த்து அவை எழுந்தால் தானும் எழும், ஓடினால் தானும் ஓடும். எனவே குட்டியைத் தனியாகப் பிரித்து, தூங்கவிடுங்கள். அதன் முதுகுப்பக்கம் இரண்டு மீட்டர் தள்ளி நின்று சாவிக்கொத்தை ஒரு தடவை குலுக்குங்கள். கை தட்ட வேண்டாம், காற்று படும். காலை உதைக்க வேண்டாம், தரை அதிரும். நிழலும் விழக்கூடாது. காது கேட்கிற குட்டிக்குக் கண் திறக்கும் முன்பே காது மடல் துடிக்கும். பிறகு விழித்திருக்கும்போது இடது, வலது என்று மாற்றிக் குலுக்கிப் பாருங்கள். எப்போதும் ஒரே பக்கமாகத் தேடினால் ஒரு காது மந்தமாக இருக்கலாம். இதை வீட்டுச் சோதனையில் உறுதியாகச் சொல்ல முடியாது. மூளை மின்னலையைப் பதிவு செய்யும் கருவிச் சோதனையில்தான் தெரியும். ஒரு காது கேட்காத நாய் குடும்பத்துக்கு நல்ல துணைதான், ஆனால் சத்தம் எந்தத் திசையில் என்று அதற்குத் தெரியாது. காவலுக்கு அது பெரிய குறை.

குட்டிகளில் எது? முதலில் ஓடிவந்து மேலே ஏறுவதும் வேண்டாம், மூலையில் ஒதுங்கியதும் வேண்டாம். ஓர் எவர்சில்வர் தட்டைக் கொஞ்சம் தள்ளிக் கீழே போடுங்கள். எல்லாம் துள்ளி விலகும். ஐந்தாறு நொடியில் திரும்பி வந்து தட்டை மோந்து பார்க்கிறதே, அதை எடுங்கள். ஆணா பெண்ணா என்பதில் காவலுக்கு வித்தியாசம் இல்லை.

கேட்டிலிருந்து தொடங்குகிறது

நாய் வருவதற்கு முன் கேட் வேலையை முடித்துவிட வேண்டும். கேட்டுக்கு அடியில் இடைவெளி எட்டு செ.மீ.க்கு மேல் இருந்தால் குட்டி நுழையும். பெரிய நாய் மூக்கை நீட்டித் தெருவில் போகிறவர் காலைப் பார்த்து வெறியேறும். கீழ்ப்பகுதியைத் தகடு வைத்து அடைப்பது நல்லது. தெரு தெரியாவிட்டால் வீண் குரைப்பு பாதியாகக் குறையும். அழைப்பு மணி, தபால்பெட்டி, பால் பை மூன்றும் கேட்டுக்கு வெளியே, கைக்கு எட்டும் இடத்தில். மின்கணக்கு எடுக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வருவார். மீட்டர் பெட்டி உள்ளே இருந்தால், அவர் வரும் வழிக்கும் நாய்க்கும் நடுவே ஒரு தடுப்புக் கதவு போடுங்கள். இடம் இருக்கிறவர்கள் கேட்டுக்குள் நாலடி தள்ளி இடுப்பளவில் இரண்டாவது கேட் ஒன்று போடலாம். ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டால், நாய் தெருவுக்குப் பாய்ந்தது என்ற பேச்சே வராது. "நாய் இருக்கிறது" பலகை வையுங்கள். ஆனால் பலகை வைத்துவிட்டேன், இனி கடித்தால் என் பொறுப்பில்லை என்று நினைக்க வேண்டாம்.

சங்கிலி விஷயத்தில்தான் நம் ஊரில் பெரிய தவறு நடக்கிறது. பகல் முழுதும் கட்டிப்போட்டு இரவில் அவிழ்த்துவிட்டால் நாய் உஷாராக இருக்கும் என்பது பழைய நம்பிக்கை. கட்டிய நாய்க்கு அருகில் போய் மோந்து பார்க்கவும் முடியாது, பயந்தால் ஓடவும் முடியாது. மிச்சம் இருப்பது பாய்வதும் குரைப்பதும்தான். கூரியர்காரர் எப்படியும் இரண்டு நிமிடத்தில் போய்விடுவார். நாய்க்கு அது தெரியாது. நான் பாய்ந்ததால்தான் ஓடினான் என்று கணக்கு வைத்துக்கொள்கிறது. நாளைக்கு இன்னும் பலமாகப் பாயும். ஒரு வருடம் இப்படிப் போனால், என்றாவது கொக்கி கழன்ற நாளில் அது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. மிளகாய்த்தூள் கலந்த சோறு, இருட்டறை, அடி, இவையெல்லாம் இதே வழியில் இன்னும் வேகமாகக் கொண்டுபோய் விடும். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, குட்டையான, கனத்த சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதையும், கட்டியே வைக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதையும் குற்றம் என்கிறது.

இரவில் நாய் வீட்டுக்குள் படுக்க வேண்டும். இதைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. வெளியே இருக்கும் நாய்க்கு மருந்து வைத்த கறியைச் சுவருக்கு மேலிருந்து போட்டால் முடிந்தது. உள்ளே, வாசல் கதவுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்திருக்கும் நாயிடம் அப்படி நெருங்க முடியாது. அதற்குக் கேட்கும், கதவுக்கு வெளியே நிற்பவனுக்கு நாய் எங்கே, எத்தனை என்று தெரியாது. வெளியே கொட்டகை கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 25 கிலோ நாய்க்கு உள்ளளவு நாலடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றடி உயரம். தரையிலிருந்து அரை அடி உயர்த்தி, தகரத்துக்கு மேல் கீற்று வேய்ந்து, சாரல் அடிக்காத பக்கம் வாசல் வைத்து. சுவரில் விரிசல் இருக்கக்கூடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பழக்குவது

எட்டாவது வாரத்திலிருந்து பதினாறாவது வாரம் வரைதான் முக்கியம். அந்த இரண்டு மாதத்தில் குட்டி பார்த்துப் பழகியதெல்லாம் அதற்கு சகஜம், பார்க்காததெல்லாம் சந்தேகம். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றியவர், துணி மூட்டையோடு வருபவர், வீல்சேர், மிக்ஸி சத்தம், ஆட்டோ, மேளம், தவழும் குழந்தை. தடுப்பூசி முடியும் வரை தெருத்தரையில் இறக்க வேண்டாம். இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம். எல்லோரிடமும் பழகினால் காவல் காக்காதே என்பார்கள். நேர்மாறு. வழக்கமானது எது என்று தெரிந்த நாய்க்குத்தான் நள்ளிரவு இரண்டு மணிக்குப் பின்பக்கச் சுவரில் ஏறும் கால் வழக்கமில்லாதது என்று தெரியும். எதையும் பார்க்காத நாய் இலை விழுந்தாலும் குரைக்கும், ஒரு மாதத்தில் நீங்கள் எழுந்து பார்ப்பதை விட்டுவிடுவீர்கள். காவல் குணம் தானாக வரும்; பெரிய இன நாய்களுக்கு ஒன்றரை, இரண்டு வயதில். ஆறு மாதக் குட்டி குரைக்கவில்லை என்று கவலைப்பட்டு யாரையாவது விட்டுச் சீண்டவேண்டாம்.

"போதும்" என்ற ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுப்பது இப்படி. வீட்டு ஆள் ஒருவர் வெளியே போய்க் கேட்டைத் தட்டட்டும். நாய் மூன்று நான்கு தடவை குரைக்கட்டும், அது அதன் உரிமை. நீங்கள் எழுந்து போய் உண்மையாகவே எட்டிப் பாருங்கள். பிறகு தாழ்ந்த குரலில் ஒரே ஒரு தடவை "போதும்" என்று சொல்லி, வேகவைத்த கோழித்துண்டை மூக்குக்கு நேரே காட்டுங்கள். மோக்கும்போது நாயால் குரைக்க முடியாது. அந்த அமைதி இரண்டு நொடி நீடித்ததும் கொடுங்கள். அடுத்த முறை ஐந்து நொடி, பிறகு பத்து. நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சில வாரத்தில் துண்டு இல்லாமலே கேட்கும், ஆனாலும் எப்போதாவது ஒன்று கொடுத்துக்கொண்டே இருங்கள். எங்கே கெடும் என்றால், அப்பா "போதும்" என்பார், அம்மா "சும்மா இரு" என்பார், பையன் "ஷட் அப்" என்று கத்துவான். கத்தினால் நாய், நம்மோடு சேர்ந்து இவர்களும் குரைக்கிறார்கள் என்று உற்சாகமாகிவிடும். உட்கார், இரு, வா, விடு, போதும் ஆகிய ஐந்து சொற்களை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். எல்லோரும் அதையே சொல்ல வேண்டும்.

"விடு" என்பது அந்நியர் போடும் தீனிக்கு. மூடிய கையில் துண்டை வைத்து நீட்டுங்கள். நக்கும், பிறாண்டும், கடைசியில் விலகி உங்கள் முகத்தைப் பார்க்கும். பார்த்த கணம் மற்ற கையிலிருந்து அதைவிட நல்ல துண்டு ஒன்று. பிறகு தரையில் வைத்து, அப்புறம் நண்பர் ஒருவர் கேட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து. நாய் எப்போதும் தன் தட்டில் மட்டும், வீட்டு ஆள் கையால் மட்டும் சாப்பிட வேண்டும். விருந்தாளிகள் இலையிலிருந்து ஊட்டும் பழக்கம் கூடாது. இதில் தேறிய நாயும் பசித்த இரவில் தவறலாம். அதனால்தான் இரவில் உள்ளே என்றது.

"புடி" என்று ஏவிவிடப் பழக்காதீர்கள். ஏவத் தெரிந்த நாயைப் பாதியில் நிறுத்தவும் தெரிய வேண்டும். அதற்குப் போலீஸ் நாய்களுக்கே தினசரிப் பயிற்சியும் தனி ஆளும் இருக்கிறார்கள். மாதக் கட்டணத்துக்கு வீட்டுக்கு வந்து கையில் சாக்கு சுற்றிக் கடிக்கப் பழக்கிவிட்டுப் போகிறவர், நிறுத்தப் பழக்காமலே போய்விடுவார்.

தீனி, உடம்பு

பால்சோறும் தயிர்சோறும் காவல் நாய்க்குப் போதாது; புரதம் குறைவு, பால் பல நாய்களுக்கு வயிற்றைப் போக்கும். 25 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, தினம் நடக்கிற நாய்க்கு ஏறக்குறைய 1,200 கலோரி வேண்டும். வெந்த சோறு 400 கிராம், எலும்பில்லாமல் வேகவைத்த கோழி 300 கிராம், முட்டை இரண்டு, பூசணியோ கேரட்டோ 100 கிராம் போட்டால் அந்தக் கணக்கு வந்துவிடும். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வீட்டுச் சாப்பாட்டில் சுண்ணாம்புச்சத்து குறையும்; வளர்ந்த நாய்க்கு எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள், வளரும் பெரிய இனக் குட்டிக்கு இஷ்டத்துக்குக் கால்சியம் ஊற்றினால் எலும்பு கோணும். மாதம் ஒன்பது கிலோ கோழி, அறுபது முட்டை: உங்கள் ஊர் விலையில் பெருக்கிப் பார்த்துவிட்டு நாய் வாங்குங்கள். மிச்ச சாம்பார் வேண்டாம். வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு, நம் பாராசிட்டமால் மாத்திரை எதுவும் கூடாது.

ஆறு முதல் எட்டாவது வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறாவது வாரம் வரை. குடலைத் தாக்கும் பார்வோ வைரஸில் சாகும் குட்டிகள் பெரும்பாலும் இடையில் ஓர் ஊசி விட்டுப்போனவை. மூன்றாம் மாதத்தில் ரேபிஸ், பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில், வருடம் தவறாமல். குடற்புழு மருந்து ஆறு மாதம் வரை மாதாமாதம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

உண்ணியை நாயின் மேல் மட்டும் தேடுகிறவர்கள் தோற்றுப்போகிறார்கள். ரத்தம் குடித்துப் புடைத்த பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி, சுவரில் ஏறி, விரிசலுக்குள் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. நாயைக் குளிப்பாட்டிவிட்டுக் கொட்டகையை விட்டால் மூன்று வாரத்தில் மறுபடி அதே கதை. விரிசல்களைச் சிமெண்டால் பூசி, சுண்ணாம்பு அடித்து, சாக்கை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள்; நாய்க்கு மருத்துவர் தரும் மாத்திரை. காது மடிப்பு, கால்விரல் இடுக்கு, வாலடி, இந்த மூன்றையும் தினமும் தடவிப் பார்த்தால் போதும். சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறது, ஈறு வெளுத்திருக்கிறது, மூக்கில் ரத்தம் என்றால் அன்றே ரத்தப் பரிசோதனை. உண்ணிக் காய்ச்சலைப் பிந்திக் கண்டுபிடித்தால் பிழைப்பது கஷ்டம்.

நடை காலை ஏழுக்கு முன், மாலை ஆறுக்குப் பின். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைக்க முடியாவிட்டால் நாயின் காலும் தாங்காது.

சட்டமும் கடியும்

பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவுப்படி, தன் விலங்கால் மனித உயிருக்கோ பலத்த காயத்துக்கோ ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1-க்கு முன் இருந்த பழைய சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாய்தான். அந்த வருடம் மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் குதறிய பிறகு, உரிமம், கயிறு, வாய்மூடி எல்லாம் பேச்சாயின. அதற்கு முன் மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களுக்குத் தடை சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. விதிகள் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், குட்டிக்கு முன்பணம் கொடுக்கும் முன் உங்கள் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ எந்த இனத்துக்கு உரிமம் உண்டு என்று கேட்டுவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் லிஃப்டில் ஆள் இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பகையில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

தெருவில் கயிறு இரண்டு மீட்டருக்குள். இழுத்தால் நீளும் சுருள் கயிறு வேண்டாம், பெரிய நாய் இழுத்தால் பிடிப்பு நிற்காது. வாய்மூடி கூடை மாதிரி இருக்க வேண்டும், நாய் வாயைத் திறந்து மூச்சிரைக்க, தண்ணீர் குடிக்க இடம் இருக்க வேண்டும். துணியால் இறுக்கிக் கட்டும் வகை வெயிலில் உயிருக்கே ஆபத்து.

கடித்துவிட்டால் பேச்சுவார்த்தை அப்புறம். முதலில் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் அப்பக்கூடாது. உடனே அரசு மருத்துவமனையோ ஆரம்ப சுகாதார நிலையமோ, ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புமருந்து ஊசியையும் கேட்டுப் பெறுங்கள். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதே என்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். நாயைப் பத்து நாள் கட்டுப்பாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அடித்துக் கொல்வதோ கொண்டுபோய் எங்காவது விடுவதோ கடிபட்டவருக்குத்தான் கெடுதல், நாய்க்கு ரேபிஸ் இருந்ததா என்று தெரியாமலே போய்விடும். கடிபட்டவர் செலவை நீங்கள் ஏற்பதும், தடுப்பூசி அட்டையை அவர் கேட்கும் முன் காட்டுவதும் மரியாதை.

ஒன்பது, பத்து வயதில் காவல் நாய்க்குக் காது மந்தமாகும். பெரிய இனங்களுக்கு இன்னும் முன்பே. கதவு திறந்து ஆள் உள்ளே வந்த பிறகே திடுக்கிட்டு எழும், அப்போது கடிக்கவும் கூடும். எனவே அதற்கு ஏழு வயது ஆகும்போதே அடுத்த குட்டியைக் கொண்டுவருவது நல்லது. எதற்குக் குரைப்பது, எதற்குச் சும்மா இருப்பது என்பதை நம்மைவிடப் பெரிய நாய் வேகமாகச் சொல்லிக்கொடுக்கும். வாசலோரச் சாக்கு பெரியதுக்குத்தான். குட்டிக்கு ஒரு சாக்கு தனியாக, பெரியதற்குப் பின்னால், ஓரடி தள்ளி விரித்துப் போடுங்கள்.